இரைச்சலுக்கு அருகே ஓர் இருக்கை

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிப் பேச வந்தவன் தியானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நேயர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். துறைமுகம் என்றதும் நினைவுக்கு வருவது கப்பல்களின் ஊதலும், பாரந்தூக்கிகளின் ஓசையும், ஏற்றுவோர் இறக்குவோர் போடும் கூச்சலுமே. தியானம் என்றால் மலையடிவாரமும் ஆற்றங்கரையும் நம் மனக்கண்ணில் எழுகின்றன. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க நாம் பழகவில்லை.

அண்மைக் காலத்தில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு முறைப்பாடு உண்டு. "கண்ணை மூடி ஐந்து நிமிடம் இருக்க முடியவில்லை, கைத்தொலைபேசி விடுகிறதா, செய்தி விடுகிறதா? அந்தக் காலத்து ஆட்களுக்கு அமைதி இருந்தது, இருந்தார்கள், நமக்கு எங்கே?" என்பதே அது. இதைச் சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்லர். அதிகாலையில் எழுந்து பாயை விரித்து உட்கார்ந்து, பத்தாம் நிமிடத்தில் தோற்று எழுந்தவர்கள். அவர்களுடைய தோல்வி உண்மையானது. ஆனால் அவர்கள் சொல்லும் அந்தக் காலத்து அமைதி இருந்ததா என்பதில்தான் எனக்கு ஐயம். ஒரு மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதனைச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்குத் திருகோணமலையைவிட நல்ல இடம் நமக்கு இல்லை.

முதலில் ஞானசம்பந்தர். ஏழாம் நூற்றாண்டில் அவர் கோணமாமலைப் பெருமானைப் பாடிய பதிகத்தைப் படிக்கிறவர், அங்கே அமைதியைத் தேடினால் ஏமாந்து போவார். கடல் அங்கே சும்மா கிடக்கவில்லை, குரைக்கிறது, கதறுகிறது. சந்தனக் கட்டையும் காரகிலும் மணியும் முத்தும் அலையோடு கரையில் வந்து குவிகின்றன. குடிகள் நெருங்கி வாழ்கின்றனர். ஒரு பட்டினத்தின் பரபரப்பு முழுவதையும் சொல்லி, அதன் நடுவில் இறைவன் அமர்ந்திருக்கிறான் என்கிறார். 'அமர்ந்தார்' என்ற சொல்லே பாட்டுக்குப் பாட்டு திரும்ப வருகிறது. இதில் இன்னொரு விந்தையும் உண்டு. சம்பந்தர் இலங்கைக்கு வரவில்லை. இராமேச்சுரத்தில் இருந்தபடியே கோணமலையையும் கேதீச்சரத்தையும் பாடினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. காணாத மலையையும் கேளாத அலையையும் மனத்தில் நிறுத்திப் பாடிய பாட்டு அது. தியானம் என்பதற்கு இலக்கண நூல்கள் சொல்லும் விளக்கத்தைவிட இந்தச் செய்தி எனக்கு நெருக்கமாகப்படுகிறது.

திருகோணமலையிலிருந்து வடக்கே கடலோரமாகச் சென்றால் குச்சவெளியைத் தாண்டித் திரியாய் வருகிறது. அங்குள்ள குன்றின்மேல் கிரிகண்டி சைத்தியம் எனப்படும் பழைய தூபியும் அதைச் சுற்றிய கற்றூண்களும் இருக்கின்றன. அருகே ஒரு பாறையில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஒன்று உண்டு. மொழிதான் சமஸ்கிருதம், எழுத்து பல்லவ நாட்டுக் கிரந்தத்தை ஒத்தது. அவலோகிதேசுவரரையும் மஞ்சுசிறீயையும் அது போற்றுகிறது. இந்தச் சைத்தியத்தோடு அது சேர்த்துச் சொல்லும் பெயர்கள் அரசர்களுடையவை அல்ல. திரபுசகன், வல்லிகன் என்னும் வணிகர்களின் கூட்டத்தாருடையவை.

இந்த இரு வணிகர்களையும் பௌத்த மரபு நன்கறியும். புத்தர் ஞானம் பெற்ற பின்னர் ஏழு வாரங்கள் மரநிழல்களில் தனித்திருந்தார் என்பதும், அந்த நீண்ட இருப்பு முடிந்தபோது வண்டிகளோடு அவ்வழியே வந்த தபுசன், பல்லிகன் என்ற இரு வியாபாரிகள் மாவும் தேனும் கொடுத்தனர் என்பதும், அவர்களே முதல் இல்லறச் சீடர்கள் ஆயினர் என்பதும் அந்த மரபின் செய்தி. உலகத்தின் மிகப் பெரிய தியானம் ஒன்று முடிந்ததும் முதலில் எதிர்ப்பட்டவர்கள், சரக்கு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போன இரண்டு பேர்! திரியாய்க் கரையில் இறங்கிய கடல் வணிகர்கள் அந்தப் பெயர்களைத் தங்களுக்கு உரியவையாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அவலோகிதேசுவரரும் புயலில் அகப்பட்ட மாலுமிகளைக் காப்பவராக வணங்கப்பட்டவர்தான். அந்தக் குன்றில் ஏறி உட்கார்ந்தவன் மனத்தில் கப்பல் இருந்தது, கடன் இருந்தது, காற்று திரும்புமா என்ற கவலை இருந்தது. அவற்றையெல்லாம் கரையில் விட்டுவிட்டு வந்திருப்பான் என்று நான் நம்பவில்லை.

அடுத்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நகருக்கு வடமேற்கே பெரியகுளத்துக்கு அருகில் வெல்கம் விகாரை இருக்கிறது. ஊரார் நாதனார் கோயில் என்றும் அதைச் சொல்வதுண்டு. சோழர் இங்கு வருவதற்கு முன்னரே இருந்த பௌத்த நிலையம் இது. பதினோராம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி வந்தபோது இது அழிக்கப்படவில்லை; இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயரோடு வளர்ந்தது. இங்கே கிடைத்த கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. கொடுத்தவர்கள் தமிழர்கள், கொடுத்தவை காசும் கால்நடையும் விளக்கும். தொல்லியல் அறிஞர் பரணவிதான உட்படப் பலர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தமிழ்ப் பௌத்தம் என்றால் நாகபட்டினத்தையும் மணிமேகலையையும் மட்டுமே நினைத்துக்கொள்ளும் நாம், நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் இந்தப் பள்ளியை ஏனோ அதிகம் பேசுவதில்லை.

'பள்ளி' என்ற சொல்லையே பாருங்கள். படுக்கை பள்ளி, முனிவர் தங்கிய இடம் பள்ளி, பிள்ளைகள் படிக்கும் இடம் பள்ளி, இசுலாமியர் தொழும் இடமும் பள்ளி. ஒரே சொல் நாலு வகை அமைதிக்கும் பொதுவாக நிற்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் இந்த நாலும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

இனி அந்த விளக்குக் கொடையைப் பற்றி. பகலும் இரவும் அணையாது எரிய வேண்டிய விளக்கைக் கல்வெட்டுகள் நந்தா விளக்கு என்கின்றன. சும்மா ஒரு விளக்கை வாங்கிக் கொடுத்தால் அது எரியாது. நெய் வேண்டும். நெய்க்குக் கால்நடை வேண்டும். ஆகவே பசுக்களையோ ஆடுகளையோ கோயிலுக்கு விட்டுவிடுவார்கள். மேய்ப்பவன் அவற்றைப் பேணி, குறித்த அளவு நெய்யை அளக்க வேண்டும். செத்ததற்கு ஈடாகப் பிறந்ததைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். இப்படி விடப்பட்ட ஆடுகளுக்குச் சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, மூப்படையாத ஆடு என்று பொருள். எவ்வளவு நடைமுறை அறிவுள்ள சொல்! பள்ளியின் உள்ளே பிக்கு அசையாமல் இருக்க, வெளியே ஒருவன் ஒவ்வொரு நாளும் பால் கறந்து, தயிர் கடைந்து, நெய் உருக்கி, அளந்து கொடுத்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் வந்த நாளும் கறந்தான், மழை நாளும் கறந்தான். அந்த வெளிச்சத்தில் பாதி அவனுடையது. தியானம் கைகூடவில்லை என்று வருந்தும் நண்பர்களிடம் நான் பிக்குவைப் பற்றிப் பேசுவதில்லை. இந்த மேய்ப்பனைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இந்த இடங்களைப் பற்றி இன்று பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. திரியாயும் வெல்கமும் கன்னியா வெந்நீரூற்றும் இப்போது வரலாற்று மாணவர்களின் இடங்களாக மட்டும் இல்லை. யார் முதலில் வந்தார்கள், யாருக்கு உரியது என்ற வழக்குகளின் இடங்களாகவும் ஆகிவிட்டன. 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் கன்னியாவில் மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தது பலருக்கு நினைவிருக்கும். நிலத்தை இழந்தவனின் வேதனையை நான் சிறிதாக்கவில்லை. அந்த வேதனைக்குக் காரணம் உண்டு. ஆனால் சிங்கள அரசர் காலத்துப் பள்ளிக்குச் சோழ அரசனின் பெயரைச் சூட்டி, தமிழில் எழுதி வைத்து, பௌத்தத் துறவிக்கு விளக்கேற்றிய ஒருவனைக் கூப்பிட்டு "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டால், கேள்வி அவனுக்கு விளங்கியிருக்குமா? ஒருமனப்பட்டு இருக்கக் கட்டிய இடங்களில் நின்றுகொண்டு நாம் மனம் சிதறுகிறோம். கைத்தொலைபேசியைவிட இது பெரிய கவனச் சிதறல் என்றே எனக்குப்படுகிறது.

துறைமுகத்தின் மறுகரைக்கு வருவோம். கொட்டியாரக்குடாவில், மூதூர்ப் பக்கமாக, 1660ஆம் ஆண்டு 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் வந்து நின்றது. புயலில் உடைந்த பாய்மரத்தைச் சரிசெய்ய வந்தவர்கள் அவர்கள். கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும், அவருடைய பத்தொன்பது வயது மகன் ரொபர்ட் நொக்சையும், இன்னுஞ் சிலரையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். அடுத்த ஆண்டு தந்தை காய்ச்சலில் இறந்தார். மகன் 1679இல் தப்பி அரிப்புக்கு வந்து சேரும் வரையில் பத்தொன்பதரை ஆண்டு சிறையிருந்தான். 1681இல் அவன் வெளியிட்ட நூலை இலங்கை வரலாற்றுக்காக எல்லோரும் படிக்கிறார்கள். நான் அதை வேறொன்றுக்காகவும் படிக்கிறேன்.

அவனிடம் இரண்டே புத்தகங்கள் இருந்தன. இரண்டும் கிறிஸ்தவப் பக்தி நெறி பற்றியவை. தந்தை இறந்த பின்னர், தனித்துப்போன அந்த இளைஞன் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வயற்புறம் போய் மரத்தடியில் உட்கார்ந்து, மாலை வரையில் வாசிப்பதும் சிந்திப்பதுமாக இருப்பானாம். முறைக்காய்ச்சல் வரும் நாளில் மட்டும் போவதில்லை. அன்று தலையைத் தூக்கவே முடியாது என்று எழுதுகிறான். இதில் ஆரவாரம் ஒன்றுமில்லை. காய்ச்சல் இல்லாத நாளில் போனான், அவ்வளவுதான். வாசித்து வாசித்து அந்தப் புத்தகங்கள் ஏறக்குறைய மனப்பாடம் ஆகிவிட்டன. பின்னொரு நாள் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தபோது அவ்வழியே போன ஒரு கிழவர், இவன் புத்தகம் வாசிப்பானா என்று உடன் நின்ற பையனிடம் விசாரித்தார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது தம் கைக்கு வந்த ஒரு நூல் தம்மிடம் இருப்பதாகச் சொன்னார். கொண்டுவரச் செய்து பார்த்தால், ஆங்கில வேதாகமம்! நொக்சு தொப்பி பின்னிப் பிழைத்தவன். தான் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டான்.

அந்தக் காலத்து அமைதி என்கிறோமே, இதுதான் அது. காட்டின் அமைதி அவனுக்குத் தண்டனையாகத்தான் கொடுக்கப்பட்டது. அதற்குள் தனக்கென்று ஒரு மரத்தடியை அவன் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

பிந்திய நூற்றாண்டுகளை விரைவாகவே கடக்கலாம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கற்களைக் கோட்டைக்கு எடுத்தனர். பின்னர் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய துறைமுகம், பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாயிற்று. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி காலை யப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கோணேசர் கோயிலின் பழைய செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. இடித்தவர்களிடமிருந்து காக்க எவரோ புதைத்து வைத்தவை, முந்நூறு ஆண்டுக்கு மேலாக மண்ணில் கிடந்தன. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துச் சென்றனர். 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

திருமேனிகள் வெளிவந்ததற்கும் குடமுழுக்குக்கும் இடைப்பட்ட அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிலேதான் என்னுடைய பேச்சின் கடைசி மனிதர் இங்கு வருகிறார். அவரைச் சொல்லுமுன் அவருடைய குருவைச் சொல்ல வேண்டும். பத்தமடையில் பிறந்து, மலாயாவில் தோட்ட வைத்தியசாலையில் மருத்துவராக இருந்து, பின்னர் ரிசிகேசம் சென்றவர் சுவாமி சிவானந்தர். 1936இல் தெய்வ நெறிக் கழகத்தைத் தொடங்கினார். 1950இல் இந்தியா முழுவதும் சுற்றியபோது இலங்கைக்கும் வந்தார். மருத்துவர் அல்லவா, சீடர்களுக்கு ஒரு நாட்குறிப்புப் படிவம் கொடுத்தார். எத்தனை மணிக்கு எழுந்தாய், எத்தனை மாலை செபித்தாய், எவ்வளவு நேரம் மௌனம் காத்தாய், எத்தனை முறை பொய் சொன்னாய், எத்தனை முறை கோபப்பட்டாய், அதற்கு என்ன தண்டனை போட்டுக்கொண்டாய் என்று கட்டங்கள். உத்தியோகம் பார்க்கும் மனிதனுக்கு ஏற்ற முறை. கச்சேரியிலும் கடற்படைத் தளத்திலும் பேரேடு எழுதிப் பழகிய கைகளுக்கு மனத்தின் பேரேட்டையும் எழுதச் சொன்னார். இதைச் சிலர் பரிகசிப்பார்கள். எனக்கு அந்தக் கட்டங்களில் வெல்கத்து மேய்ப்பனின் நெய்க் கணக்குத் தெரிகிறது.

சிவானந்தர் 1953இல் இலங்கைக்கு அனுப்பிவைத்த சீடர் சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூரையடுத்த செட்டிபாளையத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்த இராமசாமி அவர். துறவுக்கு முன் மோட்டார் சைக்கிள் இறக்குமதி வியாபாரத்திலும் மின்பொருள் தொழிற்சாலையிலும் வேலை பார்த்தவர். மணந்து, மனைவியை இழந்தவர். திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் தெய்வ நெறிக் கழகப் பணி செய்தார். கண்டியில் அமைந்த தபோவனம் அவருடைய தலைமையிடமாயிற்று. இங்கே அவர் செய்த இரண்டு காரியங்கள் பழமை பேணுவோருக்குப் பிடிக்கவில்லை. தாமே கார் ஓட்டினார். கையில் கடிகாரம் கட்டினார். காவியுடைக்குக் கடிகாரம் எதற்கு என்று கேட்டார்கள். குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரக் கடிகாரம் வேண்டும், போக வண்டி வேண்டும் என்பது அவருடைய எளிய நியாயம். நவீன உலகத்தை விட்டு ஓடாமலே அதற்குள் இருந்து தியானம் கற்பிக்க முடியுமா என்ற கேள்வியை, நமக்கு முன்னரே, நம் ஊர்த் தெருக்களில் வண்டி ஓட்டிக்கொண்டு சோதித்துப் பார்த்தவர் அவர்.

1966இல் அவரை மேற்கு நாட்டு அன்பர்கள் அழைத்தனர். நியூயோர்க் சென்றவர் அங்கேயே தங்கிவிட்டார். 1969ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆந் திகதி, நியூயோர்க் மாநிலத்தில் பெத்தெல் என்ற ஊரின் பண்ணை நிலத்தில் வூட்ஸ்ரொக் இசை விழா தொடங்கியது. வந்தவர்கள் நாலு இலட்சம் பேர் என்பது வழமையான கணக்கு. வீதிகள் அடைத்துக்கொண்டன. வியட்நாம் போருக்குப் பயந்தும் வெறுத்தும் நின்ற பிள்ளைகள்; மின்கிற்றார்; போதைப்பொருள். அந்த மேடையில் வெண்தாடியோடு ஏறி அமர்ந்து தொடக்க உரை ஆற்றியவர், சில ஆண்டுகளுக்கு முன் திருகோணமலையிலும் கண்டியிலும் திரிந்த இந்தச் சாமியார்தான். ஓசையைப் பற்றிப் பேசினார். பிறகு அத்தனை பேரையும் இறைநாமம் சொல்ல வைத்தார். அது முடிந்ததும் முழுமையாக ஒரு நிமிடம் மௌனம் வேண்டும், படக் கருவிகளும் அந்த நேரம் ஓசைப்படக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

ஒரே ஒரு நிமிடம். மூன்று நாள் இரைச்சலில் அது எந்த மூலைக்கு? ஆனால் அவர் ஒரு மணி நேரம் கேட்கவில்லை, விழாவை நிறுத்தச் சொல்லவில்லை, இரைச்சலைப் பழிக்கவும் இல்லை. அவருடைய பிற்கால வாழ்க்கையில் குறையே இல்லையென்று நான் வாதிட வரவில்லை. 1991இல் முன்னாள் சீடர்கள் சிலர் அவர்மேல் கடுமையான குற்றச்சாட்டுகளை முன்வைத்தனர், அவர் மறுத்தார். 2002இல் சென்னையில் மறைந்தார். ஆளை எப்படி மதிப்பிட்டாலும், அந்த ஒரு நிமிடத்தின் அளவு சரியானது என்றே நான் எண்ணுகிறேன். நம்மால் கொடுக்கக்கூடிய அளவு அது.

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இன்றும் பிரெட்றிக் கோட்டை வாசலால்தான் போகவேண்டும். வாசற் கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருப்பதைக் காணலாம். உள்ளே இராணுவத்தினர் இருக்கிறார்கள். மான்கள் பயமில்லாமல் நடமாடுகின்றன. மேலே ஏறும் வழியில் விளையாட்டுச் சாமான், குளிர்பானம், சங்கு, மாலை விற்கும் கடைகள். படம் எடுப்போர் கூட்டம் இராவணன் வெட்டின் விளிம்புவரை நிற்கிறது. பிள்ளை வரம் வேண்டுவோர் சிறு தொட்டில்களை மரத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள். பூசை மணி ஓய்ந்த பின்னர், கடற்பக்கச் சுவரோரம் எவராவது ஒருவர் கால்மடித்து உட்கார்ந்திருப்பார்; பின்னால் யாரோ அவரைச் சற்று விலகச் சொல்லிப் படம் எடுக்க முயல்வார்கள். அவர் விலகி, மறுபடி உட்கார்ந்துகொள்வார்.